30 இலட்சம் டொலரும் ஒரு நீதியரசர் ஆசனமும்

நீதியரசரை வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது நமக்குக் கேட்கவே புதுமையாக இருக்கும். நம் நாட்டில் அவர்கள் நியமிக்கப்படுபவர்கள். ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படியல்ல. மாநில உயர் நீதிமன்றத்துக்கு வர விரும்புபவர் விளம்பரம் போட்டு, பணம் திரட்டி, மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். அப்படி வந்த ஒருவரின் கதை இது. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மேற்கு வேர்ஜீனியா ஒரு நிலக்கரி மாநிலம். அதன் உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதியரசர்கள், ஒவ்வொருவருக்கும் 12 வருடப் பதவிக்காலம். 2002 ஓகஸ்டில் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. ஹியூ கேப்பர்டன் என்பவரின் சிறிய சுரங்கக் கம்பனியை முறைகேடாக வீழ்த்தியதற்காக, மாஸி என்ற பெரிய நிலக்கரிக் கம்பனி 5 கோடி டொலர் நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று ஜூரிகள் சொன்னார்கள். மாஸி மேன்முறையீடு செய்யும், அது இந்த ஐவரிடம்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இடையில் 2004 தேர்தல் வந்தது. பதவியிலிருந்த நீதியரசர் வொரன் மெக்ரோவை எதிர்த்துப் போட்டியிட்டவர் பிரென்ட் பெஞ்சமின். சட்டத்தரணி, அதற்கு முன் நீதிபதியாக இருந்தவரல்ல. மாஸியின் தலைவர் டொன் பிளாங்கன்ஷிப் அவருக்குச் சட்டம் அனுமதித்த உச்சத்தொகையான 1,000 டொலரைக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. மெக்ரோவைத் தோற்கடிக்கப் பாடுபட்ட ஓர் அமைப்புக்கு ஏறக்குறைய 25 இலட்சம் டொலர், தாமே நேரடியாகச் செலவழித்தது 5 இலட்சத்துக்கும் மேல். மொத்தம் 30 இலட்சம் டொலர். பெஞ்சமினின் சொந்தத் தேர்தல் குழு செலவழித்ததைப் போல் மூன்று மடங்கு! அந்த அமைப்பின் பெயரோ ‘பிள்ளைகளின் நலனுக்காக’ என்ற அர்த்தத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கும் நிலக்கரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

பெஞ்சமின் 53 வீத வாக்குகளுடன் வென்றார்.

மேன்முறையீடு வருமுன்பே, அவர் இதிலிருந்து விலக வேண்டும் என்று கேப்பர்டன் தரப்பு கேட்டது. அவர் மறுத்தார். 2007 நொவெம்பரில் 3–2 என்று தீர்ப்பு மாஸிக்குச் சாதகமானது. மூவரில் ஒருவர் பெஞ்சமின். பிறகு, மற்றொரு நீதியரசரான மேனார்ட், பிளாங்கன்ஷிப்போடு பிரான்ஸ் கடற்கரையில் விடுமுறையைக் கழித்த படங்கள் வெளியாகின. மேனார்ட் விலகினார். பிளாங்கன்ஷிப்பைப் பகிரங்கமாக விமர்சித்திருந்த இன்னொரு நீதியரசரும் விலகினார். பெஞ்சமின் மட்டும் விலகவில்லை. 2008இல் மீண்டும் 3–2, மீண்டும் மாஸிக்கே.

பெஞ்சமினுக்கும் ஒரு நியாயம் உண்டு. அந்தப் பணம் அவருடைய பையில் விழவில்லை. வேறு சில வழக்குகளில் அவர் மாஸிக்கு எதிராகவும் முடிவெடுத்திருக்கிறார். ‘என் மனதில் பக்கச்சார்பு இல்லை’ என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தவரும் அவர்தானே?

2009 ஜூன் 8இல் அமெரிக்காவின் மத்திய உயர் நீதிமன்றம் 5–4 என்று அவர் விலகியிருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவர் விலைபோனார் என்று அது எங்கும் சொல்லவில்லை. பக்கச்சார்புக்கான அபாயம் அவ்வளவு பெரிதாக இருப்பதே போதும் என்றது. மாறுபட்ட பிரதம நீதியரசர் ரொபர்ட்ஸ் 40 கேள்விகளை அடுக்கினார்: எத்தனை டொலர் ‘அதிகம்’? எவ்வளவு காலத்துக்கு? அவையும் இலேசில் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல.

இதில் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். பெஞ்சமின் இல்லாமல் வழக்கு மறுபடி விசாரிக்கப்பட்டது. 4–1. இந்தமுறையும் கேப்பர்டன் தோற்றார்! அப்படியானால் பெஞ்சமின் ஆரம்பத்திலேயே ஒதுங்கியிருந்தால் மாஸிக்கும் பெரிய இழப்பு வந்திருக்காது, அவருடைய பெயரும் தப்பியிருக்கும். தோற்ற கேப்பர்டனும் ‘விலை கொடுத்து வாங்கிய தீர்ப்பு’ என்று நினைக்க இடமிருந்திருக்காது.

2010 ஏப்ரலில் மாஸியின் சுரங்கமொன்று வெடித்து 29 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்த குற்றத்துக்காக பிளாங்கன்ஷிப்புக்கு 2016 ஏப்ரலில் ஒரு வருடச் சிறை விதிக்கப்பட்டது.

அடுத்த மாதம், 12 வருடம் முடிந்த பெஞ்சமின் மறுபடி மக்களிடம் வாக்குக் கேட்டார். ஐந்து பேர் போட்டியிட்டார்கள். அவர் நான்காவதாக வந்தார்.