சைக்கிளில் எங்கேயோ ஒரு ‘டக்’: சத்தங்களின் ஒரு சின்ன வரலாறு

இந்த எபிசோடோட ஹீரோ ஒரு சத்தம். ‘டக்’. அவ்வளவுதான்.

அப்பாவோட பழைய 22 இன்ச் கறுப்பு சைக்கிள் இப்போ என்கிட்ட இருக்கு. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்லேர்ந்து ரூமுக்கு அதுலதான் போறேன். மூணு மாசத்துக்கு முன்னாடி, பெடல் மிதிக்கும்போதெல்லாம் கீழேயிருந்து ஒரு ‘டக்’ வர ஆரம்பிச்சது. சிட்டியில ஒரு பெரிய கடையில விட்டேன். ஆக்சில் மாத்தி, பால்ரஸ் மாத்தி, நாலு இலக்கத்துல பில் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல ‘டக்’ திரும்ப வந்துடுச்சு.

அப்புறம் ஒரகடம் ரோட்டுல ஒரு சின்ன சைக்கிள் கடைக்குப் போனேன். அங்க இருந்த அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. “ஓட்டிக் காட்டுங்க தம்பி”ன்னு சொல்லிட்டு ரோட்டோரம் நின்னு கேட்டார். அவர் பண்ணது பக்கா டீபக்கிங். ஆனா அதைப் புரிஞ்சுக்க, சைக்கிள் எப்படி அமைதியாச்சுங்கிற கதை முதல்ல தெரியணும்.

1860கள்ல பாரிஸ்ல பெடல் வச்ச முதல் சைக்கிள்கள் பிரபலமாச்சு. மரச்சக்கரம், அதுமேல இரும்புப் பட்டை. கல் பாவின தெருவுல போனா ஓட்டுறவரோட எலும்பே ஆடும். இங்கிலாந்துல அதுக்கு வச்ச பேரே ‘எலும்பாட்டி’ங்கிற அர்த்தத்துலதான். அதுக்கப்புறம் சைக்கிளோட வரலாறு, ஒரு வகையில, ஒவ்வொரு சத்தமா அடக்கின வரலாறு.

முதல்ல உரசல். 1869ல ஜூல் சூரிரேங்கிற பிரெஞ்சுக்காரர் சைக்கிளுக்கான பால் பேரிங்குக்கு காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் நவம்பர்ல பாரிஸ்லேர்ந்து ரூவாங் வரைக்கும் நூத்துச் சொச்சம் கிலோமீட்டர் ரேஸ். ஜெயிச்ச ஜேம்ஸ் மூர் ஓட்டினது பால் பேரிங் வச்ச வண்டி. நம்ம மெக்கானிக்குகள் ‘பால்ரஸ்’னு சொல்ற அதே குண்டுகள்தான்.

அடுத்து செயின். 1880ல மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனால்ட், ஒவ்வொரு பின்னையும் சுத்தி ஒரு புஷ், அதுக்கு மேல உருளுற ரோலர்னு ஒரு செயின் வடிவமைச்சார். இன்னைக்கும் உங்க சைக்கிள்ல இருக்கிறது அந்தக் குடும்பம்தான். மூணாவது டயர். பெல்ஃபாஸ்ட்ல இருந்த ஜான் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். மகனோட மூணு சக்கர வண்டி குலுங்குறதைப் பார்த்துட்டு காத்தடைச்ச டயர் செஞ்சார். 1888ல காப்புரிமை.

பால்ரஸ், செயின், டயர். இருபதே வருஷத்துல மூணு பெரிய சத்தம் அடங்கிடுச்சு. மிச்சம் இருக்கிறது லூசான இடங்கள். அதுல ஒரு அருமையான கதை இருக்கு.

ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரங்கன்னு தெரியும்ல? 1903ல அவங்க விமானத்தோட ப்ரொபெல்லரைச் சுத்தினதும் செயின்தான். இண்டியானாபோலிஸ்ல இருந்த டைமண்ட் செயின் நிறுவனத்தோடது. அந்த நவம்பர்ல கிட்டி ஹாக்ல இன்ஜினை ஓட்டிப் பார்க்கும்போது, ப்ரொபெல்லர் தண்டுல இருந்த பல்சக்கரங்கள் திரும்பத் திரும்ப லூசாச்சு. எவ்வளவு முறுக்கினாலும் நிக்கலை. கடைசியில சைக்கிள் டயர் ஒட்டுற பசையை மரைக்குள்ள ஊத்தி இறுக்கினாங்க. நின்னுடுச்சு. டிசம்பர் 17 பறந்தாங்க.

இந்தக் கதை எப்படி நம்ம ஊருக்கு வருதுன்னு பாருங்க. 1949ல முருகப்பா குழுமமும் இங்கிலாந்தோட ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ எல்லாம் அங்கேயிருந்துதான் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்துச்சு. 1960ல டிஐ டைமண்ட் செயின். அதே இண்டியானாபோலிஸ் டைமண்டோட கூட்டு. ஒரகடத்துல 2013ல ஆலை திறந்த ராயல் என்ஃபீல்டும் 1890கள்ல இங்கிலாந்துல சைக்கிள் செஞ்சு வளர்ந்த கம்பெனிதான். ஆக, இந்த ரோட்டோட பாட்டன் யாருன்னு கேட்டா, சைக்கிளும் ஒருத்தர்.

இப்போ அண்ணன்கிட்ட திரும்ப வருவோம். அவரோட முதல் கேள்வி ‘எங்க சத்தம்’ இல்லை. ‘எப்பப்போ சத்தம்?’ ஏன்னா சைக்கிள் ஃப்ரேம் ஒரு வெத்துக் குழாய். சீட்டுல வர்ற சத்தம் பெடல்ல வர்ற மாதிரியே கேட்கும். காதை நம்பி இடத்தைத் தேடினா ஏமாந்துடுவோம். தாளத்தைத்தான் நம்பணும்.

கணக்கு இதுதான். முன் பல்சக்கரத்துல 44 பல், பின்னாடி 18, செயின்ல 112 கண்ணினு வச்சுக்கங்க. பெடல் ஒரு சுத்து சுத்தினா பின்சக்கரம் கிட்டத்தட்ட ரெண்டரைச் சுத்து சுத்தும். அதனால ஒரு பெடல் சுத்துக்கு ரெண்டு மூணு தடவை சத்தம் வந்தா, சக்கரத்துல தேடு. போக்ஸ் கம்பியா, ரிம் கோட்டமா, பார். மாறா, ரெண்டரைச் சுத்துக்கு ஒரு தடவை வந்தா செயின்ல ஏதோ ஒரு கண்ணி இறுகியிருக்கு. ஏன்னா 112 கண்ணியும் ஒரு ரவுண்டு வர அவ்வளவு நேரம் ஆகும். ஒரு சுத்துக்குச் சரியா ஒரு தடவைன்னா பெடல், கிராங்க், ஆக்சில், இல்லன்னா சீட்.

என்னோடது ஒரு சுத்துக்கு ஒண்ணு. எழுந்து நின்னு மிதிக்கச் சொன்னார். சத்தம் வந்துச்சு. சீட் அவுட். வலது காலால மட்டும் மிதிக்கச் சொன்னார். சத்தம் இல்லை. இடது பக்கம்தான். பெடலைக் கையில சுத்திப் பார்த்தார், சுத்தம். மிச்சம் ஒண்ணே ஒண்ணு. காட்டர் பின்.

பழைய சைக்கிள்ல கிராங்கையும் ஆக்சிலையும் பிடிச்சு வச்சிருக்கிறது விரல் நீளம்கூட இல்லாத ஒரு இரும்பு ஆப்பு. அதோட ஒரு பக்கம் தட்டையா இருக்கும். சுத்தியலால அடிச்சு இறக்கினா ஆக்சிலோட தட்டைப் பக்கத்துல கவ்வும். நட்டு சும்மா காவலுக்கு. பெரிய கடையில எல்லாத்தையும் புதுசா போட்டுட்டு, பழைய பின்னையே திரும்ப அடிச்சிருக்காங்க. அண்ணன் அதைக் கழட்டி என் உள்ளங்கையில வச்சார். தட்டைப் பக்கத்துல படிக்கட்டு மாதிரி ஒரு தேய்மானம். ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் அந்த இடைவெளியில இடிச்சிருக்கு. அதுதான் ‘டக்’.

“இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா காலோட கிராங்க் கையில வந்திருக்கும் தம்பி. பின்னாடி கன்டெய்னர் லாரி வர்ற ரோடு இது.”

நான் ஒரு வாரமா ஹெட்போன் போட்டு அந்தச் சத்தத்தைச் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன். அதை அவர்கிட்ட சொல்லலை.

புதுப் பின்னை அரத்தால ராவி, அளவு பார்த்து அடிச்சு இறக்கினார். “நாலு நாள் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தட்டு தட்டி நட்டை இறுக்கணும்”னார். காசு, ஒரு டீ பஜ்ஜி செலவு. அப்புறம் ஸ்பேனரோட பின் மட்காட் பக்கம் போனார். அது ஸ்பீட் பிரேக்கர்ல ‘கடகட’ன்னு ஆடும்.

“அதை விட்டுடுங்கண்ணே”ன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

சின்ன வயசுல செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு அப்பா தெருமுனை திரும்பும்போது அந்தக் கடகடதான் முதல்ல வீட்டுக்கு வரும். அம்மா எழுந்து தோசைக்கல்லைப் போடுவாங்க. நாங்க தூங்குற மாதிரி நடிப்போம்.

அண்ணன் மட்காட் கம்பியை ஆட்டிப் பார்த்தார். நட்டு விழாதுன்னு உறுதி பண்ணிட்டு, “இது சும்மா பேசுற சத்தம், இருந்துட்டுப் போகட்டும்”னு ஸ்பேனரைக் கீழ வச்சுட்டார்.

உங்க வண்டியிலயும் ஒரு ‘டக்’ இருந்தா, இன்னைக்கு ஹெட்போனைக் கழட்டிட்டு ஒரு தெரு ஓட்டிப் பாருங்க. ஒரு பெடல் சுத்துக்கு எத்தனை தடவைன்னு எண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.