மரை கழன்ற கதை: மோரிஸ் மைனரும் ஒரு பிரிட்டிஷ் சட்டமும்

பழைய கார்களைப் பற்றித் தேடினால் எஞ்சின் கதைகள்தான் அதிகம் வரும். என்னை இழுத்தது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு மரை.

மோரிஸ் மைனர் 1948இல் லண்டனில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினி காரைத் தந்தவர். ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக் கொடுக்கும் டார்ஷன் பார் என்று அந்தக் காலத்துக்கு ஜோரான அமைப்பு. பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடுகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் கிங்பின்னின் இரு முனையிலும் மரை வெட்டி, ட்ரன்னியன் என்ற துண்டுகளுக்குள் திருகியிருப்பார்கள். காரின் முன்பாரம் டார்ஷன் பார் வழியாகக் கீழ்க்கைக்கு வரும். அதைச் சக்கரத்துக்குக் கடத்துவது கீழ் ட்ரன்னியனின் மரைதான். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் மரை உரசும். கிரீஸ் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் தண்ணீர், மண், துரு, தேய்மானம். ஒருநாள் மரை பிடி விடும், சக்கரம் மடங்கிவிடும். மனிதர்களைத்தான் ‘மரை கழன்ற கேஸ்’ என்போம். இங்கே நிஜமாகவே கழன்றுபோகிறது!

கண்டுபிடிப்பது எப்படி? காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின், ட்ரன்னியன் பக்கம் பாருங்கள். 3, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் டை ராடு முனை அல்லது ரேக். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் மரை மேலும் கீழும் நகர்வது கண்ணுக்கே தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பிரிட்டனில் வாகனச் சோதனை 1960இல் வந்தது. முதலில் பார்த்தது பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் மூன்றையும்தான். அதுவும் பத்து வயது தாண்டிய வண்டிகளில் மட்டும். ஆரம்பகால மைனர்கள் அப்போதுதான் அந்த வயதைக் கடந்திருந்தன. 2018 மே மாதத்திலிருந்து கதை தலைகீழ்: பெரிய மாற்றம் செய்யப்படாத, 40 வயது தாண்டிய கார்களுக்குக் கட்டாயச் சோதனை கிடையாது. மைனர் தயாரிப்பு 1971இலேயே முடிந்துவிட்டதே!

பழைய கார் குறைவாக ஓடும், உரிமையாளர் செல்லமாகப் பார்த்துக்கொள்வார் என்பது வாதம். நியாயம்தான். ஆனால் பளபளவென்று துடைப்பவரெல்லாம் கிரீஸ் கன்னைக் கையில் எடுப்பதில்லை. விரும்பினால் இப்போதும் தாமாகச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். என்னிடம் மைனர் இருந்தால் வருஷம் தவறாமல் கொண்டுபோவேன்.