ஐஸ் கச்சாங் கிண்ணமும் நம்ம அன்னதானப் பந்தியும்



மாசி மகத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் சேவை செய்த தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் முதலில் நன்றி. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, பசங்க சேர்ந்து பக்கத்துத் தாமானில் இருக்கிற சீனர் கடைக்கு ஐஸ் கச்சாங் சாப்பிடக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அங்கே ரெண்டு கேள்வி வந்தது. ஒரு அக்கா, "விரதத்துல இதைச் சாப்பிடலாமா?"ன்னு கேட்டாங்க. ஒரு தம்பி, "இது சீனர் பலகாரமா, மலாய்க்காரர் பலகாரமா? நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"ன்னு கேட்டார். ரெண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

முதலில் ஐஸ். நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, பனிக்காலத்தில் உறைஞ்சு போன ஏரிகளில் இருந்து ஐஸை அறுத்து, மரத்தூள் போட்டு மூடிக் கப்பலில் அனுப்பினார். 1833ல் சுமார் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நாலு மாசக் கடல் பயணத்துக்குப் பிறகும் சுமார் 100 டன் கரையாமல் போய்ச் சேர்ந்தது. சென்னைக்கு வந்த ஐஸை வைக்க 1842ல் கடற்கரையில் ஒரு கட்டடம் கட்டினாங்க. 1897ல் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியது அந்த ஐஸ் ஹவுஸில்தான். இன்றைக்கு அதுக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். சிங்கப்பூரில் 1854ல் ஹூ ஆ கே என்ற சீன வியாபாரி ஓர் ஐஸ் வீடு நடத்தினார். அவரை எல்லாரும் வாம்போவா என்றுதான் கூப்பிடுவாங்க.

அந்தக் காலத்தில் ஐஸ் என்பது துரைமாருக்கும் பணக்காரருக்கும்தான். பிறகு மெஷின் வைத்து ஐஸ் செய்யும் ஆலைகள் வந்தன. விலை இறங்கியது. கோணிச் சாக்கில் சுத்தி, மரத்தூள் தூவின ஐஸ் கட்டி, சின்ன டவுன் கடைக்கும் வந்து சேர்ந்தது. மலாய்க்காரர் அதுக்கு 'ஆயேர் பாத்து' என்று பெயர் வச்சாங்க. கல்லுத் தண்ணி என்று அர்த்தம். நாம ஏபிசி என்று சொல்றோமே, அதில் வரும் முதல் ரெண்டு எழுத்தும் இதுதான். கடைசி எழுத்து 'சம்போர்', அதாவது கலவை.

இப்போ கிண்ணத்துக்குள்ளே பார்ப்போம். பச்சையா நெளியுற செண்டோல், அரிசி மாவோ பச்சைப்பயறு மாவோ பாண்டான் இலைச் சாறு விட்டுச் செய்தது. இந்த வட்டாரத்து மக்கள் ஐஸ் வருவதற்கு முன்பே அதைத் தேங்காய்ப்பாலில் போட்டுக் குடிச்சவங்க. குலா மலாக்கா நம்ம மாநிலத்தின் பெயரையே சுமக்கிற வெல்லம். தென்னம்பாளையில் வடியும் பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊத்தி இறுக வைப்பது வழக்கம். நம்ம ஊர்க் கருப்பட்டிக்கு அக்கா தங்கச்சி மாதிரி. சிவப்புப் பயறைச் சர்க்கரையில் வேகவைத்துத் தித்திப்பாகச் சாப்பிடுவது சீனர் வழக்கம். கறுப்பா துண்டு துண்டா இருக்கிற சின்சாவும் அவங்க கொண்டு வந்ததுதான், அது ஒரு மூலிகைச் செடியில் செய்வது. டின் பால் வெள்ளைக்காரன் வழியாக வந்தது. கடைக்கு மலாயில் 'கெடாய்' என்று சொல்றாங்களே, அது நம்ம தமிழ்ச் சொல் 'கடை'. தம்பி கேட்ட கேள்விக்கு இது பாதிப் பதில்.

அக்கா கேட்டதுக்கும் பதில் சொல்லிடறேன். பயறு, சோளம், செண்டோல், சின்சா எல்லாம் சைவம். அகார் அகார் கடல்பாசியில் செய்வது, அதுவும் சைவம். சில கடைகளில் போடும் ஜெல்லி ஜெலட்டினில் செய்ததாக இருக்கும். அது மாட்டு எலும்பு, பன்றித் தோல் மாதிரி பொருளில் இருந்து எடுப்பது. விரதக்காரங்க "அகார் அகாரா, ஜெலட்டினா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. பால் கூடாத விரதம் என்றால் டின் பால் வேண்டாம்னு சொல்லிடுங்க. சர்க்கரை வியாதி உள்ளவங்க சிரப்பைக் குறைக்கச் சொல்லுங்க.

மீதிப் பாதிப் பதிலுக்குத் தோட்டத்துக்குப் போகணும்.

மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டவர் நம்ம மலாக்காக்காரர், தான் சே யான். 1896ல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ஆரம்பிச்சார். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் போட்டார். அதுக்குப் பிறகு தோட்டங்கள் பெருகின, நம்ம முன்னோர்கள் கப்பல் ஏறி வந்தாங்க. ஒப்பந்தக் கூலி முறை 1910ல் முடிஞ்சது. கங்காணி முறை தொடர்ந்தது. 1920களின் கடைசியில் ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசு, பொம்பளைக்கு 40 காசு என்று நிர்ணயம் பண்ணினாங்க. அடுத்து வந்த உலகப் பொருளாதார நெருக்கடியில் அதுவும் குறைஞ்சது.

கங்காணி ஆள் பிடிக்கப் போனது தன் சொந்த ஊருக்கும் உறவுக்கும்தான். அதனால் ஊரில் இருந்த சாதியும் அதே கப்பலில் ஏறி வந்தது. சில தோட்டங்களில் லயத்தைக்கூடச் சாதி பார்த்துப் பிரிச்சாங்க. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டின எங்க அப்பா சொன்னது இது. அவர் சின்னப் பையனா இருந்தப்போ, திருவிழாப் பந்தியில் சிலர் கோயில் பக்கத்தில் உட்காருவாங்க, சிலர் தள்ளி மரத்தடியில் இலை போட்டு உட்காருவாங்க. யாரும் அதைத் தப்புன்னு வாயைத் திறந்து சொல்லலை. தமிழ்நாட்டிலும் அப்போ அதே நிலைதான். டீக்கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைச்சுக்கிட்டுப் போனது 1939 ஜூலை 8. ஆலயப் பிரவேசச் சட்டம் முழுமையாக வந்தது 1947ல். பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து தோட்ட மக்களிடம் இதைப் பற்றிப் பேசினார். கடவுள் விஷயத்தில் அவரோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். இந்த விஷயத்தில் அவர் சொன்னதை மறுக்க முடியாது.

சம்பளம் போட்ட மறுநாள் அப்பாவும் கூட்டாளிகளும் சைக்கிளில் டவுனுக்குப் போவாங்க. அங்கே ஒரு சீனத் தவுக்கே, மரப்பலகையில் கத்தி பதிச்ச இழைப்புளியைக் கவிழ்த்து வச்சு, ஐஸ் கட்டியைக் கையால் தேய்ப்பார். தூள் கீழே கிண்ணத்தில் விழும். பயறு, சிரப், பால் அவ்வளவுதான். காசு இல்லாத பசங்களுக்கு அதே தூளை உருண்டை பிடிச்சு, சிவப்புச் சிரப் ஊத்திக் கையில் கொடுப்பார்.

"நாங்க அஞ்சு பேரும் அஞ்சு ஆளுங்க. தவுக்கே யாரையும் 'நீ என்ன ஆளு'ன்னு கேட்டதில்லை. எல்லாருக்கும் ஒரே கிண்ணம். ஒருத்தன் சாப்பிட்டதைக் கழுவி அடுத்தவனுக்குக் கொடுப்பார். முதல் தடவை ஒருத்தன் தயங்கினான். ஐஸ் கரையுதுன்னு சாப்பிட்டுட்டான்" என்று அப்பா சிரிச்சுக்கிட்டே சொல்வார்.

தவுக்கே சீர்திருத்தம் பண்ண உட்காரலை, வியாபாரம் பண்ணத்தான் உட்கார்ந்தார். ஆனாலும் தோட்டத்துக் கோயில் பந்தியில் கிடைக்காத ஒண்ணு அந்தக் கடை மேசையில் கிடைச்சது. தம்பி, நமக்கும் ஐஸ் கச்சாங்குக்கும் உள்ள சம்பந்தம் இதுதான். அதைச் செய்தது யாராக இருந்தாலும், நம்ம ஆளுங்க பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பழகின மேசைகளில் அதுவும் ஒண்ணு. கொடுத்த காசு, விடியக் காலையில் பெரட்டுக்கு நின்னு, பால் வெட்டிச் சம்பாதிச்ச காசு.

அந்தத் தோட்டங்களில் பல இன்றைக்குச் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிடுச்சு. லயம் இல்லை. கோயில் மட்டும் சில இடத்தில் நிக்குது. மரத்தடிப் பந்தியைப் பார்த்தவங்க எண்பது வயசைத் தாண்டிட்டாங்க. சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே போயிட்டா, நம்ம பிள்ளைகளுக்கு ஐஸ் உருண்டை மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

கோயில் தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போ யாரும் சாதி கேட்டு இலை போடுவதில்லை, நல்ல விஷயம். ஆனா சில இடத்தில் நன்கொடை கொடுத்தவருக்கு ஏர்கோன் ரூமில் தனி மேசை, மத்தவங்களுக்கு வெயிலில் வரிசை என்று நடக்குது. மரத்தடி வேற உருவத்தில் திரும்பி வருது. நம்ம அன்னதானத்தில் முதலில் வந்தவர் முதலில் உட்காரட்டும். வயசானவங்க, பிள்ளைத்தாச்சி, நடக்க முடியாதவங்க, இவங்களுக்கு மட்டும் முன்னுரிமை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை நான் முன்வைக்கப் போறேன். ஆதரவு கொடுங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க எந்தத் தோட்டம், எந்த டவுனில் ஐஸ் சாப்பிட்டாங்க, பந்தியில் எங்கே உட்கார்ந்தாங்க என்று கேட்டுக் கீழே எழுதுங்க. நல்லதும் எழுதுங்க, கசப்பானதும் எழுதுங்க.

முருகா சரணம்.