பாதிரியார் பார்த்த இரட்டை

ஜூன் மாதம், மேகமில்லாத ஒரு ராத்திரி, ஒன்பது மணிவாக்கில் கலசப்பாக்கத்துச் செய்யாற்றுப் பக்கம் போய்த் தெற்கே பாருங்கள். கையை நீட்டிச் சாண் விரித்தால், அடிவானத்திலிருந்து அந்தச் சாணுக்குள்ளேயே அடங்கிவிடும் உயரத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அருகருகே நிற்கும். இடது பக்கம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம். தூரம் சுமார் 4.37 ஒளியாண்டு. கண்ணுக்கு ஒற்றைப் புள்ளிதான். அது ஒன்றில்லை, இரண்டு என்று முதலில் கண்டது இங்கிருந்து தென்கிழக்கே, புதுச்சேரியில். வருஷம் 1689. கண்டவர் ழான் ரிஷோ என்கிற பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார்.

பெங்களூரில் என் டீமில் ஒருத்தன் கேட்பான், "என்னடா, இன்ஜினியரிங் படிச்சுட்டு ஞாயித்துக்கிழமை ஆனா பூசைக்குப் போற?" கிண்டல் பாதி, நிஜமான சந்தேகம் பாதி. ரிஷோ கதையை நான் துருவிப் படித்ததற்கு அந்தப் பாதிச் சந்தேகம்தான் காரணம்.

ரிஷோ புதுச்சேரிக்குப் போகவே கிளம்பவில்லை. அவர் போனது சயாம், இன்றைய தாய்லாந்து. அந்த நாட்டு ராஜா நாராய்க்குக் கிரகணங்கள் மேல் பெரிய ஆர்வம். 1685 டிசம்பர் 11 அன்று லோப்புரியில் பிரெஞ்சுச் சாமியார்களோடு உட்கார்ந்து சந்திர கிரகணம் பார்த்தவர். பதினான்காம் லூயி அனுப்பிய முதல் குழு அது. 1687இல் கிளம்பிய இரண்டாவது குழுவில் ரிஷோ இருந்தார். பெட்டிகளில் பூசைச் சாமான்களோடு டெலஸ்கோப்புகள். வியாழனின் துணைக்கோள் நிழலுக்குள் மறையும் நேரத்தை உள்ளூர்க் கடிகாரத்தில் குறித்து, அதே மறைவைப் பாரிஸ் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த ஊரின் தீர்க்கரேகை கிடைத்துவிடும். ஒரு மணிநேர வித்தியாசம் என்றால் 15 டிகிரி. வரைபடம் திருத்த ராஜாவுக்கு அது வேண்டும், வேதம் சொல்லக் கப்பலில் இடம் சாமியார்களுக்கு வேண்டும். இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்துத்தான் செய்தார்கள். அதைப் புனிதப்படுத்திப் பேச எனக்கு விருப்பமில்லை.

1688இல் சயாமில் ஆட்சி கவிழ்ந்தது. ராஜாவின் செல்லப்பிள்ளையான ஃபால்கனைக் கொன்றார்கள், பிரெஞ்சுக்காரர்களை விரட்டினார்கள். ரிஷோ புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஃபிரான்சுவா மார்த்தான் அந்த ஊரை உருவாக்கத் தொடங்கி அப்போது பதினைந்து வருஷம்கூட ஆகியிருந்ததுதான். போன காரியம் பாழ். எந்த ஊருக்காக வந்தாரோ அந்த ஊர் இல்லை. கையில் மிச்சம் பன்னிரண்டடி நீள டெலஸ்கோப்.

1689 டிசம்பரில் விடியலுக்கு முன் தென்வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. எங்கள் வீட்டில் டிசம்பர் பிறந்ததும் ஆயா காகித ஸ்டார் கட்டச் சொல்லும். வால் வைத்த ஸ்டார்தான் வேண்டும், "மூணு ராஜாவுக்கு வழி காட்டினது வாலுள்ளதுதான்" என்று அடம்பிடிக்கும். வேதத்தில் வால் கிடையாது, சொன்னால் எடுபடாது. ரிஷோ துரத்தியது நிஜ வால். அதைப் பின்தொடர்ந்த இரவுகளில் ஒன்றில் டெலஸ்கோப் ஆல்ஃபா சென்டாரி பக்கம் திரும்பியது. பாதி மனிதன், பாதி குதிரையான சென்டாரஸின் கால் அது. பாரிசில் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லாத நட்சத்திரம். ஒரு புள்ளி இரண்டாகத் தெரிந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால், 1685இல், சயாம் போகும் வழியில் நன்னம்பிக்கை முனையில் இறங்கிய ஃபோந்தனே என்கிற இன்னொரு இயேசு சபைச் சாமியார், தென்சிலுவையின் பிரகாசமான நட்சத்திரமும் இரட்டை என்று கண்டிருந்தார். தெற்கே கப்பலேறிய சாமியார்களுக்கு இரட்டைகளாகவே வாய்த்தன போல.

இவர்களுடைய சபையை ஆரம்பித்த இஞ்ஞாசியார், காலில் அடிபட்டுப் படுத்துக்கிடந்த நாட்களில் வானத்தையும் நட்சத்திரங்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய ஆறுதலாக இருந்தது என்று தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். அந்த வழி வந்தவருக்கு டெலஸ்கோப் பிடிப்பது பூசைக்கு வெளியே உள்ள வேலையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதே திருச்சபைதான் 1616இல் கோப்பர்நிக்கஸ் நூலைத் தடுத்தது, 1633இல் கலிலியோவைத் தண்டித்தது. பூமி அசைகிறது என்று சொல்லக்கூடாது. என் நண்பனின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. வானத்தைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், பார்த்ததில் பாதியைச் சொல்லாதே என்றதும் அதுதான். இதை மழுப்பக் கூடாது.

பூமி சுற்றுகிறது என்றால் ஜூனிலும் டிசம்பரிலும் நாம் வேறுவேறு இடத்தில் நிற்கிறோம், அருகிலுள்ள நட்சத்திரம் கொஞ்சம் இடம் மாறித் தெரிய வேண்டும். மாறவில்லையே என்பது பழைய வாதம். மாற்றம் அவ்வளவு சின்னது. ஆல்ஃபா சென்டாரிக்கு, மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம். நன்னம்பிக்கை முனையில் 1832-33இல் எடுத்த அளவுகளிலிருந்து தாமஸ் ஹெண்டர்சன் அதைக் கண்டுபிடித்து 1839இல் வெளியிட்டார். தயங்காமல் இருந்திருந்தால் முதல் ஆள் அவர்தான். 1838இல் பெசல் வேறொரு நட்சத்திரத்தை வைத்து முந்திவிட்டார். தடை நூல் பட்டியலிலிருந்து கோப்பர்நிக்கஸும் கலிலியோவும் காணாமல் போனது 1835 பதிப்பில். ஆக, பூமி நகர்வதை நேரடியாக அளந்து காட்டிய முதல் சில நட்சத்திரங்களில் ஒன்று, ஒரு சாமியார் புதுச்சேரியிலிருந்து குறித்து வைத்த அதே நட்சத்திரம்.

கலசப்பாக்கத்துக்கு வடமேற்கே, ஜவ்வாது மலை மேல் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், அங்கிருந்து தென்வானம் நன்றாகக் கிடைக்கும் என்பது. 1968இல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போடு ஆரம்பம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைப் பதிவு செய்து, அதன் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்கெடுத்தார்கள். அதுவும் வேறொன்றைத் தேடிப்போய்க் கிடைத்ததுதான்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, அந்தச் சாமியார் ரெண்டா பார்த்தப்போ என்ன நினைச்சிருப்பார்?" என்றான். முதலில் லென்ஸைத் துடைத்திருப்பார் என்றேன். சிரித்தான். அப்புறம் அன்றைக்கு விடியும் முன் சொல்ல வேண்டிய ஜெபத்தை அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றையொன்று சுற்றிவர அந்த இரண்டுக்கும் ஏறத்தாழ 80 வருஷம் ஆகிறது. ரிஷோ பார்த்த பிறகு நாலு சுற்று முடித்துவிட்டு, இப்போது ஐந்தாவதில் இருக்கின்றன.