கிள்ளான் தோட்டங்களில் கள்

கள் தமிழ் இலக்கியத்திற்குப் புதிய பொருள் அன்று. நறவு, தேறல், தோப்பி எனச் சங்கச் சான்றோர் மதுவகைகளுக்குப் பல பெயர் வழங்கினர். யவனர் கொணர்ந்த தேறலைப் பருகி மகிழ்ந்திருக்குமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார். அத்தகைய மது வந்த சாடிகளின் உடைவுகளை 1945-இல் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்தார். அதியமான் மறைந்தபோது ஔவையார், சிறிதளவு கள் கிடைத்தால் அதைத் தமக்கே அளித்துவிடும் அவன் பண்பை நினைந்து இரங்குகிறார். அக்காலப் பாடல்களில் கள் கொடையின் அடையாளமாக விளங்கிற்று. மலாயாத் தோட்டங்களிலோ அது கூலியைத் திரும்ப வாங்கும் பண்டமாயிற்று.

சிலாங்கூர்க் கடற்கரை தென்னைக்கு ஏற்ற மண். விரியாத பாளையைக் கட்டி, நுனியைச் சீவி, வடியும் நீரைக் கலயத்தில் ஏற்பர். முதலில் இனிக்கும் அந்நீர் காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்தில் நுரைத்து, இனிப்புக் குறைந்து, வெண்ணிறக் கள்ளாகிறது. அதில் சாராயம் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு இருக்கும். மறுநாள் புளிப்பேறிக் காடியாகத் தொடங்கும். கருவாடும் காரமான இறைச்சிப் பிரட்டலும் அதற்குத் துணையாகும். ஆப்ப மாவைப் புளிக்கவைக்கவும் கள் பயன்படும். திராட்சை மதுவைப் போல இதனைப் பல்லாண்டு சேமித்து வைக்க இயலாது. எனவே அன்றன்றே விற்றாக வேண்டும். குடிப்போர் வாழும் லயங்களுக்கு அருகிலேயே கடை அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமம் பெற்ற கள்ளுக்கடையைத் தோட்ட நிருவாகமே நடத்தியது. கடையை மூடினால் தொழிலாளர் கள்ளச் சம்சுவை நாடுவர் என்பது துரைமாரின் வாதம். கடை இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகிறது என்றும் கூறப்பட்டது. ஆனால் அந்த இலாபம் தொழிலாளரின் கூலியிலிருந்தே வந்தது. குழந்தைகளின் உணவுக்கும் கல்விக்கும் சேர வேண்டிய காசு அது என்பதே சீர்திருத்தவாதிகளின் மறுமொழி.

இம்மறுமொழி 1941-இல் போராட்டத்தில் ஒலித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவைச் சார்ந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, அதிகாரிகளின் முன்னே மிதிவண்டியில் இறங்காமல் செல்லும் உரிமை ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கையாயிற்று. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் கிளர்ச்சி பரவியது. படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி அமைத்த தொண்டர் படையும் 1946, 1947 ஆண்டுகளில் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தது.

மதுவிலக்கை அறநூற் கருத்தாக மட்டுமே காண்போர் இக்கோரிக்கைப் பட்டியலைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதில் கள்ளுக்கடை கூலியோடும் கல்வியோடும் மானத்தோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. குடிப்பவனை இழித்துரைக்க எழுந்த குரல் அன்று அது. தன் உழைப்பின் பயன் தன் வீட்டை அடைய வேண்டும் என்று உழைப்பவனே எழுப்பிய குரல்.

பெட்டாலிங் ஜெயா நகரமும் 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்ததே. அத்தகைய தோட்டங்களில் உழைத்தோர் கேட்டவற்றுள் பள்ளியும் ஒன்று. இவ்வட்டாரத் தமிழாசிரியர் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கற்பிக்கும்போது, 1941-இன் இவ்வரலாற்றையும் மாணவர்க்கு உரைத்தல் தகும்.