கீழாநெல்லி

மழை பெய்து ஓய்ந்தபின் வயல் வரப்பிலும் தோட்டப் பாத்தியிலும் வீட்டுக் கொல்லையிலும் தானே முளைத்து, பெரும்பாலும் முழ உயரத்துக்கு மேல் ஓங்காத ஒரு பூண்டு. சிறு கிளைகளில் இரு வரிசையாக அமைந்த இலைகளின் அடியில் தொங்கும் காய்கள், கடுகளவே ஆயினும், நெல்லிக்காயின் வடிவத்தைப் பெற்றிருத்தலால், கீழ்க்காய்நெல்லி என வழங்கிக் கீழாநெல்லி என்று மருவிற்று. வடநூலார் பூம்யாமலகீ, அதாவது நிலநெல்லி, என்றதும் அவ்வொப்புமை பற்றியே.

வைத்தியத்தில் இதற்குப் பிரசித்தி தேடித் தந்த நோய் காமாலை. வேரோடு பிடுங்கிய சமூலத்தை அரைத்து, நெல்லிக்காயளவு உருட்டி, மோரிலோ பாலிலோ கலக்கி விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பும் எண்ணெயும் நீக்கிய பத்தியம் விதிப்பது நாட்டு வழக்கம். சில வாரங்களில் தானே தணிந்துவிடும் காமாலையும் உண்டாகையால், இம்முறை ஈட்டிய கீர்த்தி முழுவதும் மருந்துக்கே உரியதென்று சொல்லத் துணிவதற்கில்லை.

வான் ரீடு என்ற டச்சு அதிகாரி 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்த ‘ஹோர்டஸ் மலபாரிக்குஸ்’ நூலில், மலையாளப் பெயரைக் கேட்டவாறே ‘கிர்கநெலி’ என இதனைப் பதிவு செய்தார். 1753-இல் லின்னேயஸ் இட்ட ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்ற பெயரையே நம்மவரும் நெடுங்காலம் கீழாநெல்லிக்கு வழங்கிவர, 1957-இல் வெப்ஸ்டர் என்னும் தாவரவியலார் அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தது என்றும், இந்தியாவில் அவ்வாறு அழைக்கப்பெற்றவை ‘அமாரஸ்’ முதலிய வேறு இனங்கள் என்றும் தெளிவுபடுத்தினார். அந்த அமாரஸுக்கும் பூர்விகம் வெப்ப அமெரிக்காவே எனக் கருதுவோர் பலர். அங்ஙனமாயின் பழைய ஆயுர்வேத ஆசிரியர்கள் கண்ட நிலநெல்லி இதன் சுற்றத்தைச் சேர்ந்த மற்றொரு பூண்டாதல் வேண்டும். பெயர் நிற்க, செடி மாறியது போலும்!

கீழாநெல்லியின் கசப்புச் சத்தை 1946-இல் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் குளித்தலையிற் பிறந்த ரசாயன நிபுணர் டி. ஆர். சேஷாத்திரி. 1988-இல், காமாலை விளைக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் சென்னை அறிஞர் தியாகராஜன் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், முப்பது நாள் கீழாநெல்லி மருந்துண்ட 37 பேரில் 22 பேரிடம் அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாகக் கூறப்பட்டது. போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவரிடமே அவ்வாறு நேர்ந்தது. உலகம் முழுவதும் ஆவலைக் கிளப்பிய இம்முடிவைப் பிற நாடுகளில் பின்னர் நடந்த பரிசோதனைகள் உறுதிப்படுத்தவில்லை. செடியின் இனமும் விளைந்த நிலமும் வேறுபட்டமையே காரணம் என்பார் உளர். தென்னாட்டு மருந்துச் சரக்குக் கடைகளில் விற்கும் கட்டுகளிலும் ஒரே பெயரின்கீழ்ப் பல இனங்கள் கலந்திருப்பதுண்டு.