கந்தப்பளைக் காளானும் ஏட்டில் ஏறா அறிவும்

கந்தப்பளை போன்ற மலையகத் தோட்டங்களின் ஆவணங்களில் பங்கசுக்கள் பெரும்பாலும் தேயிலையின் பகையாகவே இடம்பெற்றன. 1905இல் பேராதனையில் பங்கசியலாளராகப் பொறுப்பேற்ற தொம் பெட்ச், 1923இல் தேயிலைச் செடியின் நோய்கள் பற்றி நூல் வெளியிட்டார். பிஸ்பியுடன் இணைந்து அவர் ஆக்கிய இலங்கைப் பங்கசுப் பட்டியல் 1950இல் வெளிவந்தது. ஆயின், மழைக்குப்பின் காளான் பறித்து லயத்து அடுப்பிலேற்றிய பெண்ணின் அறிவுக்குச் செக்ரோலில் இடமில்லை. அதில் ஏறியது அவளது ‘பேர்’ மட்டுமே.

அத்தகைய அறிவு உயிர் காப்பது. உருண்டைக் காளானை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே முழுதும் ஒரே வெண்மையாக இருத்தல் வேண்டும். மஞ்சளித்ததும் கருத்ததும் விலக்கற்குரியன. குடையின் வடிவம் தென்படின் அது நச்சுக் காளானின் மொட்டாகலாம். ஐயமெழின் உண்ணலாகாது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை மறுக்கப்பட்ட மக்களின் இவ்வறிவையும் வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, மூதாட்டியர் உள்ளபோதே தொகுத்தல் நம் கடன்.